மருமகன் சாப்பிடும்போது நின்ற மிஷின்

என் காலை எலி கடித்தது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

கீழக்கரையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், என் வீட்டுத் தரையில் தட்டு இல்லாமலே சோற்றைப் போட்டுச் சாப்பிடலாம் என்று. அப்படித் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வீடு. அடுத்தவர் வீட்டுக்குப் போனால் என் கண் தானாக மூலைக்குத்தான் போகும். ஒட்டடை தெரிந்தால் சும்மா வரமாட்டேன். "என்ன புள்ள, நான் வேணுமின்னா ஒரு ஒட்டடைக் கம்பு வாங்கியாரவா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவேன். என்னைக் கண்டாலே பாதிப் பேர் வீட்டைக் கூட்ட ஆரம்பித்துவிடுவார்கள் என்று என் மகள் கேலி செய்வாள். அப்படிப்பட்டவளின் கால் விரலை, அவள் வீட்டிலேயே, அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது எலி வந்து கொறித்துவிட்டுப் போயிருக்கிறது.

சுகர் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பாதமும் மரத்துப்போய், அடுப்படியில் கொதிக்கிற ஆணம், குழம்புதான், காலில் சிந்தினால்கூடப் பக்கத்தில் நிற்பவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று விடிந்து எழுந்து பார்த்தால் விரிப்பில் ரத்தம். சுண்டுவிரல் நுனியில் சதை இல்லை, சுற்றிலும் சின்னச் சின்னப் பல் தடம். வலி துளிகூட இல்லை. வலித்திருந்தால் பயம் வந்திருக்கும். வலிக்காததால் எனக்கு முதலில் வந்தது வெட்கம். விரிப்பைச் சுருட்டி வாளியில் ஊறப்போட்டேன்.

"என்ன உம்மா கால்ல?" என்றாள் மகள்.

"வாசப்படியில இடிச்சிக்கிட்டேன்."

என் ஒரே மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த சமயம் அது. எங்கள் ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற வழக்கம் இல்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார். வருகிற மருமகன் சவூதியில் வேலை பார்க்கிறவர், சில மாத லீவில் வந்திருந்தார். இவளுடைய வாப்பா மவுத்தாகிப் பல வருஷம் ஆகிவிட்டதால், வருகிற மனுஷனுக்கு எந்தக் குறையும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியவள் நான் ஒருத்திதான். அந்த வீட்டில் எலி இருக்கிறது, அதுவும் ஆளைக் கடிக்கிற எலி என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

ஆகவே மஞ்சளை அரைத்துப் பூசி, துணியைச் சுற்றி, அதன்மேல் சாக்ஸைப் போட்டுக்கொண்டேன். நிக்காஹ் அன்று கீழக்கரை வெயிலில் பெண்ணின் உம்மா கறுப்பு சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிந்தாள். யாராவது உற்றுப் பார்த்தால், "தரை சில்லுங்குது" என்றேன். புண் வாடை அடிக்க ஆரம்பித்திருந்தது. அத்தரை அள்ளிப் பூசினேன். கூடம் முழுக்கச் சாம்பிராணி போட்டேன். ஒரு சொந்தக்காரி, "என்ன மச்சி, புதுப்பொண்ணு நீங்களா, ஒங்க மவளா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்பார்களே, நான் மறைத்தது அழுகின பூசணிக்காய்.

கல்யாணம் முடிந்து மருமகன் வீட்டுக்கு வந்த முதல் வாரம் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் தரப்பில் கொடுத்த சீரில் நல்ல தோல் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. மதுரைக்கு ஆள் அனுப்பி வாங்கியது. அதை அவர் ஒருநாள்தான் போட்டார். மறுநாளே ஒரு ரப்பர் செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டு திரிந்தார். "நாம குடுத்தது மருமவனுக்குப் புடிக்கல போல, ஒருநாளோட கழட்டிட்டாரு" என்று மகளிடம் சிடுசிடுத்தேன். அவள் அடுப்படியில் வேலை இருக்கிறது என்று எழுந்து போனாள்.

பிறகு எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. சாக்ஸைக் கழற்ற முடியவில்லை. மகள் கத்தரியால் வெட்டி எடுத்தாள். எடுத்துவிட்டு அவள் வெளியே ஓடி வாந்தி எடுத்த சத்தம் எனக்குக் கேட்டது.

மதுரைக்குக் கார் பிடித்தது மருமகன். மாமியாரும் மருமகனும் பேசிக்கொள்ள மார்க்கத்தில் தடை ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் ஊர் வழக்கத்தில் பெரிய கூச்சம். காலையில் வாசலில் நின்று ஸலாம் சொல்வார், நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு பதில் சொல்வேன், அதோடு சரி. அன்றைக்கு அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். ராமநாதபுரம் தாண்டவில்லை, வாடை காரை நிறைத்துவிட்டது. டிரைவர் துண்டால் மூக்கைத் துடைக்கிறமாதிரி மூடிக்கொண்டான். மருமகன் அவனிடம், "தம்பி, ஏசிய நிப்பாட்டிட்டு கண்ணாடிய எறக்குங்க. எனக்கு ஏசி ஒத்துக்கிடாது" என்றார். சவூதியில் இருக்கிறவருக்கு ஏசி ஒத்துக்கொள்ளாதாம். பரமக்குடி, மானாமதுரை என்று ஊர் ஊராக அனல் காற்று முகத்தில் அடித்தது. நான் செத்துப்போயிருந்தால் தேவலை என்று இருந்தது.

மதுரை டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் பார்த்தார், என் நெஞ்சையும் சோதித்தார். பிறகு மறைக்காமல் சொன்னார். "ஒங்களுக்கு ஹார்ட்டும் வீக், கிட்னியும் சுமார். முழு மயக்கம் குடுக்க முடியாது. காலை மட்டும் மரக்க வச்சு, கெட்ட சதையை மட்டும் எடுக்கிறேன். பாதத்துக்கு ரத்த ஓட்டம் கம்மியா இருக்கு, அதையும் கொஞ்சம் திறந்து விடுறோம். அதுக்கப்புறம் புண்ணைத் தைக்காம, திறந்தே வச்சு ஆத்தணும். ஆறுச்சுன்னா காலு இருக்கும். ஆறலேன்னா முட்டிக்குக் கீழ எடுக்கணும். வேற வழி இல்ல."

"எப்படி அடிபட்டுச்சு?" என்றும் கேட்டார்.

"வாசப்படி" என்றேன்.

அந்த வார்டில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் கால்தான். ஒருத்திக்குக் கல் தடுக்கியிருந்தது, ஒருத்திக்குக் கதவு இடித்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துப் பெண், வயல் வேலைக்குப் போகிறவள். அவளுக்கும் கல் தடுக்கியதாகத்தான் அட்டையில் எழுதியிருந்தது. நர்ஸ் போனபிறகு என் பக்கம் திரும்பி, "என்னத்த கல்லு. எங்க வயக்காட்டுல கல்லுக்கு எங்கன போறது, பூராம் சேறுதான். எலி தின்னுபுருச்சுன்னு சொல்ல முடியுமா?" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் அவ்வளவு லேசாகச் சொன்னாள். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டேன்.

சுண்டுவிரலும் பக்கத்து விரலும் போயின. பாதத்தின் ஓரம் திறந்து கிடந்தது. அதில்தான் அந்த மிஷினை மாட்டினார்கள். புண்ணின் அளவுக்கு ஒரு கறுப்புப் பஞ்சை வெட்டி உள்ளே வைத்து, மேலே கண்ணாடித்தாள் மாதிரி ஒன்றைக் காற்றுப் புகாமல் ஒட்டி, அதில் ஓட்டை போட்டு ஒரு குழாயைச் சேர்த்தார்கள். குழாயின் மறுமுனையில் தோள்பை அளவில் ஒரு மிஷின், அதில் ஒரு பாட்டில். மிஷின் காற்றை உறிஞ்ச உறிஞ்ச, பஞ்சு சுருங்கி, புண்ணில் ஊறுகிற நீரெல்லாம் பாட்டிலுக்கு வரும். "சதை அடியில இருந்து வளந்து மேல வரும். நல்லா வந்ததும் தொடையில இருந்து தோல் எடுத்து மூடிருவேன்" என்றார் டாக்டர். வாடகைக்கு எடுத்த அந்த மிஷினோடு என்னை வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "ராத்திரி பகல் ஓடிக்கிட்டே இருக்கணும். குளிக்கிறதுக்கு அதுக்கு இதுக்குன்னு கொஞ்ச நேரம் நிக்கலாம். மணிக்கணக்கா நின்னா அந்தப் பஞ்சு ஊறுன துணிய வச்சுக் கட்டுனமாதிரி. உள்ளயே கெட்டுப் போயிரும்."

அந்தப் பாட்டிலைக் கண்ணாடிபோலச் செய்தவன் யார் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு மாமியார் கிடையாது என்பது மட்டும் நிச்சயம். உள்ளே இருப்பது அப்படியே தெரிந்தது. சில நாள் மாதுளம் சாறு நிறம், சில நாள் பழுப்பு. மகள் கல்யாணத்துக்கு எடுத்த வெல்வெட் துணியில் மிச்சம் இருந்தது. அதில் ஒரு உறை தைத்துப் பாட்டிலுக்குப் போட்டேன். நிறம் மறைந்தது, சத்தத்துக்கு உறை தைக்க முடியவில்லை. சும்மா கர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று இளநீரின் அடியைக் குழல் வைத்து உறிஞ்சினால் வருமே, அப்படி ஒரு களக் களக் வரும்.

எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. கூடம், கூடத்தை ஒட்டி என் அறை, பின்னால் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் புதிதாகக் கட்டிய அறை, அவ்வளவுதான். கூடத்தில்தான் ஆம்பிளைகள் சாப்பிடுவது. என் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான் தடுப்பு. புது மாப்பிள்ளையைத் தனியாகச் சாப்பிட வைப்பது எங்களிடம் மரியாதை இல்லை. அவருடைய கூட்டாளிகள், அண்ணன் தம்பிகள் என்று தினமும் யாராவது கூட வருவார்கள். சகன் என்கிற பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து வைப்போம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுவார்கள். பெண்களும் அப்படித்தான் எங்களுக்குள் உட்காருவோம். கால் அழுக ஆரம்பித்ததிலிருந்து நான் சகனில் உட்காருவதை விட்டுவிட்டேன். ஒரு சின்னத் தட்டில் வாங்கி, அறையில் சுவரைப் பார்த்துத் தின்பேன்.

நான் வீடு வந்த மறுநாள் மதியம். கூடத்தில் மருமகனும் மூன்று கூட்டாளிகளும் பிஸ்மி சொல்லிக் கை வைத்த நேரம், இந்த மிஷின் களக் களக் களக் என்றது. கூடத்தில் பேச்சு நின்றது.

"என்ன மச்சான் சத்தம்?" என்றான் ஒருவன்.

மகள்தான் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து சொன்னாள். "மோட்டாரு."

என் புண்நீர் வீட்டு மாப்பிள்ளையின் சோற்றுக்குப் பக்கத்தில் சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிறது. என் உடம்பே தீப்பிடித்தமாதிரி இருந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்தேன். மிஷின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. பஞ்சு கண்ணாடித்தாளுக்குள் மெதுவாக உப்பியது. கூடத்தில் மறுபடி பேச்சு தொடங்கியது, எனக்கு மூச்சு வந்தது.

அதுதான் தொடக்கம். அதன்பிறகு ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் நிறுத்தினேன். மருமகன் வந்து உட்கார்ந்தால் நிறுத்துவேன், கை கழுவுகிற சத்தம் கேட்டால் ஓட விடுவேன். புது மாப்பிள்ளைச் சாப்பாடு என்றால் சும்மாவா. காலையில் இடியாப்பமும் கறியும் வைத்துப் பசியாற ஒரு அமர்வு, மதியம் ஒன்று, சாயங்காலம் வட்டலப்பம், இராச்சாப்பாடு வேறு. சாப்பிட்டு முடித்த பிறகும் கூட்டாளிகள் எழுந்திருக்க மாட்டார்கள், அரட்டை ஓடும். மதியம் நிறுத்திவிட்டு நானே கண்ணயர்ந்து, சாயங்காலத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டுத்தான் பல நாள் விழித்திருக்கிறேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் பஞ்சு மாற்ற ஒரு நர்ஸ் பெண் வருவாள். காரங்காட்டுப் பக்கத்துப் பெண், ராமநாதபுரத்தில் வேலை. பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "என்ன மாமி, கொறச்சலா வந்துருக்கு?" என்றாள்.

"புண்ணு ஆறிக்கிட்டு வருது போல."

"ஆறுனா பஞ்சு இப்புடிச் சொதசொதன்னு இருக்காதே. மிஷின நிப்பாட்டுறீயளா?"

"கரண்டு கட்டு" என்றேன். அது மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷம். தமிழ்நாடே எல்லாப் பழியையும் கரண்டின் மேல் போட்டுக்கொண்டிருந்தது, என் பழியும் அதில் ஒன்று.

"இதுல பேட்டரி இருக்கே மாமி."

"அதுவும் எறங்கிருச்சு" என்றேன். பொய் சொல்வதில் என் வாய் அவ்வளவு பழகியிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் மருமகன் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினார். முதலில், "கூட்டாளி வீட்டுல விருந்து" என்றார். அடுத்த நாள், "பசிக்கல" என்றார். பிறகு சொல்லாமலே வெளியே போய்விட்டு வந்தார். மாப்பிள்ளை வெளியில் சாப்பிடுவது எங்கள் ஊரில் ஒரு வீட்டின் முகத்தில் கரியைப் பூசுகிறமாதிரி. தெருவில் ஒருத்தி வந்து, நலம் விசாரிக்கிற சாக்கில், "மாப்புள்ள பஸ் ஸ்டாண்டு கடையில பரோட்டா திங்கிறாராமே, நீங்க படுத்துட்டதால அடுப்படி ஓடலையா?" என்று கேட்டாள். அவள் வீட்டு ஒட்டடையை நான் எண்ணியிருக்கிறேன். அவள் என்னிடம் கணக்கைத் தீர்த்துக்கொண்டாள்.

அன்று மகளைக் கூப்பிட்டேன். "உண்மையச் சொல்லு. என் காலு நாத்தந்தானே காரணம்?"

"அதெல்லாம் இல்ல உம்மா."

"பின்ன என்ன? என் பக்கத்துல உக்காந்து சோறு திங்க அருவருப்பு. சொல்லிட்டுப் போயேன்."

அவள் கண் நிறைந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் போய்விட்டாள். நான் திரும்பாமல் இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள் என்று பின்னால் சொன்னாள்.

அருவருப்புதான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆகவே இன்னும் அதிகமாக நிறுத்த ஆரம்பித்தேன். வெளிக்கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே என் விரல் பொத்தானுக்குப் போகும். அவர் சாப்பிட வந்தாலும் சரி, சட்டை மாற்ற வந்தாலும் சரி, வீட்டில் அவர் இருக்கிற நேரம் மிஷின் ஓடக்கூடாது. சத்தம் இல்லாவிட்டால் மறுபடி சகனில் உட்காருவார், ஊர் வாய் மூடும் என்று நினைத்தேன். அவரோ இன்னும் அதிகமாக வெளியே இருந்தார்.

காய்ச்சல் மறுபடி வந்தது. நர்ஸ் பெண் கண்ணாடித்தாளைப் பிரித்ததும் எழுந்த வாடையில் அவளே ஒரு நிமிஷம் முகத்தைத் திருப்பினாள். பஞ்சின் அடியில் வளர்ந்திருந்த சிவப்புச் சதை சாம்பல் நிறமாகிப் பொதபொதவென்று இருந்தது. மூன்றாவது விரலும் கறுத்திருந்தது. திரைக்கு அப்பால் மருமகன், "கார் சொல்லிட்டேன்" என்று சொல்வது கேட்டது. மறுபடி அதே ரோடு, அதே அனல் காற்று. "ஏசி வேணாம் தம்பி" என்று அவர் டிரைவரிடம் சொன்னபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

டாக்டருக்குக் கோபம். "நல்லா வந்துக்கிட்டிருந்த புண்ணு. மிஷின நிறுத்தி வச்சீங்களா?"

"கரண்டு..." என்று ஆரம்பித்தேன்.

"உம்மா, போதும்" என்றாள் மகள்.

அவள் என்னைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்தே சொன்னாள். "எங்க வீட்டுக்காரங்க சாப்புட உக்காந்தா உம்மா மிஷின நிப்பாட்டிருவாங்க டாக்டர். அவங்க எந்திரிச்சாத்தான் ஓட விடுவாங்க. மொத ரெண்டு மூணு நாளுலயே அவங்களுக்கு வெளங்கிருச்சு. 'நான் உக்காந்தா சத்தம் நிக்கிது, நான் கை கழுவுனா சத்தம் வருது, என் சோத்துனால மாமி காலு போயிரும்'னு எங்கிட்டச் சொன்னாங்க. மாமிகிட்ட இதப் பேசுனா வெக்கப்படுவாங்கன்னு அவங்களும் சொல்லல, என்னையும் சொல்ல விடல. மிஷினு ஓடட்டும்னுதான் கடையில போய்ச் சாப்புட்டாங்க."

கட்டிலில் படுத்திருந்த எனக்கு ஓடி ஒளிய இடம் இல்லை. அருவருப்பு என்று நான் அவர்மேல் போட்ட பழி, தெருவில் அவர் வாங்கிக்கொண்ட பேச்சு, அந்தப் பரோட்டா எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. டாக்டர் கேட்டார், "ஒங்களுக்கு ஒங்க காலு முக்கியமாம்மா, மருமகன் சோறு முக்கியமா?" அத்தனை நாளும் எனக்குச் சோறுதான் முக்கியமாக இருந்தது.

"இந்தத் தடவ சரியா வரலேன்னா அடுத்து முட்டிதான். அதையும் ஒங்க ஹார்ட்டு தாங்குமான்னு தெரியல" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே தியேட்டருக்குக் கொண்டுபோனார். இடுப்புக்குக் கீழே மரக்க வைத்திருந்தார்கள். முழித்தபடிதான் படுத்திருந்தேன். கத்தரி சதையை வெட்டுகிற சத்தம் கேட்டது. எலி எடுத்தது ஒரு விரலின் நுனியை மட்டும். மிச்சத்தையெல்லாம் எடுத்துக் கொடுத்தது என் வெட்கம். அதை எண்ணி அழுதேன். நர்ஸ் ஒருத்தி வலிக்கிறது என்று நினைத்து என் தலையைத் தடவினாள்.

கால் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இருக்கிறது. மூன்று விரல் இல்லை, பாதம் ஒரு பக்கம் ஒடுங்கியிருக்கிறது, தொடைத் தோலை ஒட்டிய இடம் இன்றும் நிறம் மாறித் தெரிகிறது. தடித்த செருப்பை வீட்டுக்குள்ளேயும் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். கூடத்தில் செருப்போடு நடக்கிறவளை ஒரு காலத்தில் நான் என்ன பேச்சுப் பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியும். இருந்தாலும் என் காலில்தான் நடக்கிறேன். தோல் ஒட்டிக்கொண்டது என்று டாக்டர் சொன்னபோது மருமகன் சவூதிக்குத் திரும்பிப் போயிருந்தார். அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன்.

நான் இரண்டாவது தடவை மிஷினோடு வீட்டுக்கு வந்திருந்தேன். வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து வெளிக்கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. கூட்டாளிகள் யாரும் வரவில்லை, அவர் மட்டும்தான். கூடத்தில் தட்டு வைக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். என் விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. நிறுத்தக்கூடாது என்று மனசுக்குத் தெரியும், விரலுக்குத் தெரியவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு மருமகன் உள்ளே வந்தார். கையில் ஒரு ஸ்டூல். அதை என் கட்டிலை ஒட்டி, மிஷினுக்குப் பக்கத்தில் போட்டார். பின்னாலேயே மகள் சகனோடு வந்தாள். நெய்ச்சோறு, மேலே சீலா மீன் பொரித்தது. அதை ஸ்டூலில் வைத்துவிட்டு ஒரு பக்கம் அவள் உட்கார்ந்தாள், ஒரு பக்கம் அவர்.

நான் முக்காட்டை இழுத்தேன். கை பொத்தானுக்குப் போயிற்று. அவர் என் முகத்தைப் பார்க்காமல், சோற்றைப் பார்த்தபடி, "ஓடட்டும் மாமி. நீங்க கை வைங்க" என்றார். ஸலாமைத் தவிர அவர் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஒரே தட்டில் நான் கை வைத்து எத்தனையோ நாளாகியிருந்தது. ஒரு பிடி எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அந்தப் பாட்டில் களக் களக் என்று உறிஞ்சியது. மருமகன் நிமிரவில்லை. "கொஞ்சம் ஆணம் ஊத்து" என்று மகளிடம் சொன்னார். மீனின் நடுத்துண்டைப் பிய்த்து, முள்ளை எடுத்துவிட்டு, என் பக்கம் தள்ளி வைத்தார்.

அதற்குமேல் என்னால் அந்தப் பொய்யை வயிற்றுக்குள் வைத்திருக்க முடியவில்லை. "மருமவனே, இது வாசப்படியில இடிச்சதில்ல. எலி கடிச்சது. இந்த வீட்டுலதான். நீங்க வாரதுக்கு முன்னாடி" என்றேன்.

மகளின் கை சோற்றிலேயே நின்றது. மருமகன் வாயில் இருந்ததை மென்று முடித்தார்.

"என் கல்யாணச் செருப்பையும் அதுதான் கடிச்சிருச்சு மாமி. வாரு பூராம் போயிருச்சு. சொன்னா ஒங்களுக்கு வெக்கமா இருக்கும்னு துணியில சுத்திக் கடல்ல போட்டுட்டு, ரப்பர் செருப்பு வாங்கிக்கிட்டேன்."

நான் மகளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

பிறகு மருமகன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"நாளைக்கிக் கெளம்புறதுக்கு முந்தி ஒரு எலிப்பொறி வாங்கியாரவா மாமி?"

அடுத்தவர் வீட்டு மூலையைப் பார்த்து, ஒட்டடைக் கம்புக்காக வாழ்நாள் முழுக்க நான் கேட்ட அதே கேள்வி. அவர் கேட்டதில் கேலி இல்லை. வாங்கி வரத்தான் கேட்டார்.

"வாங்கியாங்க" என்றேன்.